கோரை வடிகால் மேல் இருக்கும் உன் மனை

தம்பி,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய வீட்டு வரைபடம் வந்து சேர்ந்தது. உன் அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். பூஜை அறை எங்கே என்று கேட்டார், நெல் மூட்டை போட இடம் எங்கே என்று கேட்டார், பிறகு நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டார். நான் விடவில்லை. மாடிப்படி, பிறக்கப்போகிற குழந்தைக்கு ஓர் அறை, நித்யா ஆசைப்பட்ட காலை வெயில் விழும் சமையலறை, எல்லாவற்றையும் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கடைசியில், கீழே பொடி எழுத்தில் என்ஜினீயர் எழுதியிருந்த ஒரு வரியில் வந்து என் கண் நின்றுவிட்டது. மனையை ஐந்தடிக்குக் கிராவல் கொட்டி உயர்த்த வேண்டும் என்று எழுதியிருந்தார். அந்த ஐந்தடியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். இதைப் போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் நான் ஒன்று சொல்வேன், நீ ஒன்று சொல்வாய், என் வாய்தான் உனக்குத் தெரியுமே, கடைசியில் யார் மடக்கினார்கள் என்பதில் போய் முடியும். எழுதினால் நான் சொல்லி முடிக்கும் வரை நீ குறுக்கே பேச முடியாது.

எனக்கு என்ன வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ கேட்டுவிட்டுக் கோபப்பட்டுக்கொண்டே மிச்சத்தைப் படி. தை பிறந்ததும் அந்த மனையில் பூமி பூஜை வேண்டாம். அந்த மனையை ஊருக்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பத்திரம் உன் பெயரில் இருப்பதால் அதை நான் செய்ய முடியாது, நீதான் வந்து கையெழுத்துப் போட வேண்டும். நித்யாவுக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது, அவள் ஜன்னல் திரைக்கு நிறம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, மாமியார்க்காரி இப்படிக் குண்டு போடுகிறாளே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. இதை எழுத உட்கார்ந்து இன்றோடு நான்கு நாள் ஆகிறது.

நான் ஊராட்சித் தலைவரான கதை உனக்குப் பாதிதான் தெரியும், அப்போது நீ கல்லூரி விடுதியில் இருந்தாய். நம் ஊர்த் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதும், என்னை நிறுத்தியவர்கள் எல்லோரும் உன் அப்பாவை மனதில் வைத்துத்தான் நிறுத்தினார்கள். பெயர் எனக்கு, நாற்காலி அவருக்கு என்பது கணக்கு. உன் அப்பா ஒரு நாள்கூட அந்த அலுவலகப் படி ஏறவில்லை. நானே ஏறினேன், நானே பேசினேன். அதிகாரிகளிடம் பயப்படாமல் பேசுகிற பொம்பளை என்று பெயர் வாங்கினேன். தண்ணீர்த் தொட்டி, பள்ளிக்குச் சுற்றுச்சுவர், சுடுகாட்டுக்குப் பாதை எல்லாம் நான் கொண்டுவந்தவை, அதில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு. யார் என்ன கேட்டாலும் சட்டென்று ஒரு பதில் என் வாயில் தயாராக இருக்கும், கூட்டம் சிரிக்கும். அந்தச் சிரிப்புக்கு நான் பழகிவிட்டேன் தம்பி. நல்ல பதில் எது, சிரிப்பு வரவழைக்கிற பதில் எது என்ற வித்தியாசம் எனக்கு மெல்ல மெல்ல மறந்துபோயிற்று.

அது மேட்டூர் திறக்காத காலம். திறந்தாலும் ஆற்றில் வந்த தண்ணீர் நம் வாய்க்காலுக்குள் ஏறாது. குறுவை போட்டவர்கள் போர்வெல் தண்ணீரை நம்பிப் போட்டார்கள், போரில்லாதவர்கள் நிலத்தைச் சும்மா போட்டார்கள். கீழத்தெருவுக்கும் பைபாஸுக்கும் நடுவில் இருந்த வயல்காரர்கள் ஒவ்வொருவராக, மனை போடுகிறவர் ஒருவருக்கு நிலத்தை விற்றார்கள், அது வீட்டுமனை நகராகப் போயிற்று. அந்த வயல்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போனது கோரை வடிகால். மழைக் காலத்தில் கீழத்தெருத் தண்ணீர், நம் வயல் தண்ணீர் எல்லாம் அதன் வழியாக ஓடி, பைபாஸ் மதகுக்குள் நுழைந்து, அந்தப் பக்கம் ஆற்றில் போய் விழும். மனை போட்டவருக்கு அதன் வளைவு இடைஞ்சலாக இருந்தது. அதை மூடிவிட்டு, நகரின் ஓரமாக நேராக ஒரு சிமெண்ட் குழாய் பதித்துத் தருகிறேன், வடிகால் வருடக்கணக்காகக் காய்ந்து கிடக்கிறது, பயன்பாட்டில் இல்லை என்று ஊராட்சி ஒரு தீர்மானம் போட்டுக் கொடுத்தால் போதும் என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் பார்த்து மூன்று வருடம் ஆகியிருந்தது. ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "அது வடிகாலாச்சே" என்றார். அவ்வளவுதான். மோர் ஊற்றச் சொல்லித் தட்டை நீட்டினார். அந்த மூன்று வார்த்தைகூட இல்லாத பேச்சு போதும் எனக்கு, போதாதென்று நான் நடித்தேன். ஏனென்றால் நான் பிறந்தது கடைமடையில். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே என் பிறந்த ஊரில், தண்ணீர் கடைசியாக வரும், கடைசியாகத்தான் போகும். மழையில்லாத காய்ச்சல் காலத்தில் மேலே இருப்பவர்கள் குடித்து மிச்சம் வைத்தது எங்களுக்கு, வெள்ளத்தில் மேலே இருப்பவர்கள் வேண்டாமென்று தள்ளியதும் எங்களுக்கு. கதிர் வந்த பயிர் பத்து நாள் தண்ணீரில் நின்றால் என்ன வாடை அடிக்கும் என்று ஏழு வயதில் தெரிந்தவள் நான். வடிகால் என்றால் என்ன என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் மூன்று வருடம் தண்ணீருக்கு ஏங்கி ஏங்கி, ஊரில் எல்லோருக்கும் ஒரே ஒரு பயம்தான் மிச்சம் இருந்தது, தண்ணீர் வராது என்ற பயம். வந்தால் எப்படிப் போகும் என்று நினைக்கவே கூச்சமாக இருந்தது. சோறில்லாத வீட்டில் அஜீரணத்துக்கு மருந்து வாங்குகிற மாதிரி.

மே தினத்துக் கிராம சபையில் தீர்மானத்தைப் படித்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது, ஷாமியானாவுக்குள் எல்லோரும் நோட்டீஸால் விசிறிக்கொண்டிருந்தார்கள். கைதூக்கச் சொன்னபோது பின்னாலிருந்து பாக்கியம் எழுந்தாள். கீழத்தெருப் பாக்கியம், நம் வயலில் நடவுக்கு ஆள் கூட்டி வருகிறவள், உன் காதுகுத்துக்கு முதல் பந்தியில் உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்து வேலை பார்த்தவள். என்னைவிட மூத்தவள், ஆனாலும் நான் அவளை நீ என்றுதான் சொல்வேன், அவள் என்னை நீங்க என்பாள். அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"வடிகால மூடிட்டா, மழ பேஞ்சா எங்க தெருத் தண்ணி எங்கிட்டுப் போவும் தலைவரம்மா?"

நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "மொதல்ல மழ வரட்டும் பாக்கியம்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பாக்கியமும் சிரித்தாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அன்று வீட்டுக்கு வந்து அதை உன் அப்பாவிடம் நடித்துக் காட்டினேன், போனில் உனக்கும் சொன்னேன், நீயும் சிரித்தாய். ஞாபகம் இருக்கிறதா தெரியவில்லை.

மனை வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். நகரின் ஈசானிய மூலையில் இருந்த மனையை, மனை போட்டவர் மற்றவர்களுக்குச் சொன்ன விலையிலிருந்து குறைத்து எங்களுக்குக் கொடுத்தார். லஞ்சம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் நினைக்கவில்லை. தலைவர் பெயரில் வாங்கினால் ஊர் வாய் சும்மா இருக்காது என்று உன் பெயரில் பதிந்தேன். நீ அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தாய், எங்கே கையெழுத்து என்று கேட்டுப் போட்டுவிட்டு அடுத்த ரயிலில் போய்விட்டாய். ஈசானிய மூலை, நீர் இருக்க வேண்டிய மூலை, யோகமான மனை என்று எல்லோரும் சொன்னார்கள். நீர் இருக்க வேண்டிய மூலைதான். கோரை வடிகால் கடைசியாக வளைந்து மதகுக்குள் நுழைந்த இடம் அது. என் தவறை உன் பெயரில் எழுதி வைத்திருக்கிறேன் தம்பி, உனக்கு அம்மா செய்ததில் இதற்குத்தான் எனக்கு ரொம்ப வெட்கம்.

உன் பெங்களூர் வீட்டுக்கு நாங்கள் வந்திருந்த கோடையை நினைத்துப் பார். ஏரி தெரிகிற வீடு என்று பெயர் வைத்துக் கட்டிய அடுக்குமாடியில் குழாயில் காற்று வந்தது. லாரித் தண்ணீருக்கு நீ நம்பர் போட்டுக் காத்திருந்தாய், நித்யா பாத்திரம் கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றினாள். காவிரியை மேலேயே நீங்கள் குடித்துவிடுகிறீர்கள், அதனால்தான் எங்களுக்கு வருவதில்லை என்று உன் அப்பா இல்லாத நேரம் பார்த்து நான் குத்திக்காட்டினேன். நீ இரண்டு பக்கெட் தண்ணீரை நான்கு மாடி தூக்கி வந்து, மூச்சு வாங்க, எங்களுக்கு முதலில் குளிக்கக் கொடுத்தாய். அதே வருடம் மழை வந்தது. ஒரே காலையில் கொட்டித் தீர்த்து, உன் கார் கீழ்த்தளத்தில் கூரை வரை மூழ்கியது. நீ எனக்குப் படம் அனுப்பினாய். அந்த ஏரிக்கு வந்த வாய்க்கால்களை எல்லாம் அடைத்துவிட்டார்களாம் அம்மா, எவன் அனுமதி கொடுத்தானோ என்று எழுதியிருந்தாய். நான் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அங்கேயும் என்னைப் போல ஒருத்தி மைக் பிடித்து யாரையோ சிரிக்க வைத்திருப்பாள் என்று தோன்றியது.

நம் ஊருக்கும் அது வந்தது, போன தையில். பொங்கல் முடிந்து நீங்கள் ரயிலேறிய மறுநாள் காலை. அறுப்புக்கு நின்ற சம்பா, மெஷினுக்குச் சொல்லியாகிவிட்டது. தையில் யார் மழையை எதிர்பார்ப்பார்கள்? ஐப்பசியில் அழுது அழுது கேட்டபோது வராதது, நெல் மணி உதிர நிற்கும்போது வந்தது. இப்போதெல்லாம் மழை பெய்வதில்லை, கொட்டுகிறது. நின்று நிதானமாக நான்கு நாள் பெய்தால் மண் குடித்துக்கொள்ளும், ஒரே வேளையில் விழுவதை எந்த மண் குடிக்கும்? நகர் முழுக்க அதற்குள் வீடுகள். ஒவ்வொருவரும் பக்கத்து வீட்டைவிட ஓர் அடி உயர்த்திக் கட்டியிருந்தார்கள், சாலையை அதைவிட உயர்த்திப் போட்டிருந்தார்கள். குழாய் எப்போதோ பாலிதீனும் மண்ணும் அடைத்துச் செத்துவிட்டது. தண்ணீர் திரும்பிக் கீழத்தெருவுக்குள் ஏறியது. நகர் வீடுகளின் கக்கூஸ் தொட்டிகள் நிரம்பி அதுவும் சேர்ந்துகொண்டது. பதினோரு நாள் நின்றது. நம் பயிர் சாய்ந்து முளைத்துவிட்டது என்று மட்டும்தான் உனக்குச் சொன்னேன்.

பாக்கியத்தைப் பற்றிச் சொல்லவில்லை. அவளுக்குச் சர்க்கரை உண்டு. பதினோரு நாளும் அந்தத் தண்ணீரில் நடந்து, காலில் ஏதோ குத்தி, அவளுக்கு வலியே தெரியவில்லை. தெரிந்தபோது கால் கறுத்துவிட்டது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் வலது காலில் இரண்டு விரலை எடுத்தார்கள். பார்க்கப் போனேன், ஆப்பிள் வாங்கிக்கொண்டு. ஊர்க்கதை எல்லாம் பேசினாள், நம் பயிர் போனதுக்கு என்னைத் தேற்றினாள். மே தினக் கூட்டத்தைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இந்த வருடம் நடவுக்கு அவள் ஆள் கூட்டி வந்தாள், வரப்பிலேயே உட்கார்ந்திருந்தாள். சேற்றில் இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். முப்பது வருடமாக எல்லோருக்கும் முன்னால் சேற்றில் இறங்குகிறவள் வரப்பில் உட்கார்ந்து பார்ப்பதை நான் நேராகப் பார்க்க முடியாமல், மோட்டார் கொட்டகைப் பக்கம் போய் நின்றேன்.

இவ்வளவுக்கும் பிறகும் உனக்கு நான் வாய் திறக்கவில்லை. போன மாதம் நீ வீட்டுக் கடன் கிடைத்துவிட்டது என்று சந்தோஷமாகப் போன் செய்தபோது, கீழத்தெருவில் மறுபடி தண்ணீர் நிற்கிறது என்று மெல்ல ஆரம்பித்துப் பார்த்தேன். நீ சொன்னாய்: "நமக்கென்னம்மா, நம்ம வீடுதான் ஒசரத்துல இருக்கப்போவுதே." நீ கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அம்மா வீணாகக் கவலைப்படுகிறாள் என்று தேற்றுவதற்குத்தான் சொன்னாய். ஆனால் குரல் உன்னுடையது, பேச்சு என்னுடையது. மே தினத்தில் மைக்கில் கேட்ட அதே பேச்சு. என்னிடமிருந்து நீ நிறையக் கற்றுக்கொண்டிருக்கிறாய், அதில் இதுவும் ஒன்று என்பது எனக்குத் தாங்கவில்லை.

நீ சின்னப் பையனாக இருந்தபோது நடந்த ஒன்றைச் சொல்கிறேன், அதில் நீ உன் அப்பா பக்கம் நின்றாய். தாளடிப் பயிர் மூழ்கிக்கொண்டிருந்தது, அடைமழை. நம் வயல் மேலே, அடுத்த வயல் கீழே. நம் மடையைத் திறந்துவிட்டால் ஒரு மணி நேரத்தில் நம் பயிர் தலைதூக்கும். உன் அப்பா மண்வெட்டியை மடையிலேயே குத்தி வைத்துவிட்டு, கோணிச்சாக்கைப் போட்டுக்கொண்டு, கீழ் வயல்காரர் வீடு வரை நடந்து போனார், தண்ணீர் விடப்போகிறேன் என்று சொல்வதற்கு. நம் பக்கத்து வழக்கம் அது. கீழ் வயல்காரர் தன் மடையைத் திறந்துகொள்ள அவகாசம் கொடுத்துவிட்டுத்தான் மேல் வயல்காரர் திறக்க வேண்டும். போய்ச் சொல்லி, அவர் வந்து, அவருக்குக் கீழே இருப்பவரிடம் போய்ச் சொல்லி, எல்லா மடையும் திறந்து முடிய மதியம் ஆயிற்று. நான் வரப்பில் நின்று கத்தினேன், பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று. நீ என் பக்கத்தில் நனைந்துகொண்டே, "அவங்களுக்கும் பயிர் இருக்குல்லம்மா" என்றாய். எனக்கு உன் மேலும் கோபம் வந்தது. அந்த வருடம் எல்லார் பயிரும் பாதி பாதி தேறியது.

நான் தலைவராக இருந்தபோது திறந்தது வயல் மடை இல்லை, ஆனால் செய்தது அதே வேலைதான். தண்ணீரைக் கீழே தள்ளினேன். போய்ச் சொல்ல வேண்டியவள் நான். நான் போகவில்லை, அவளே எழுந்து வந்து கேட்டாள், அவளைச் சிரிக்க வைத்து உட்கார வைத்தேன்.

சரி, இப்போது உன் மனைக்கு வருகிறேன். ஐப்பசியில் ஒரு பெண் வந்தாள், வடிகால்களை அளந்து வரைபடம் போடுகிற வேலையாம், உன்னைவிட இளையவள். முக்காலியில் கருவியை நிறுத்தி ஊரெல்லாம் மட்டம் பார்த்தாள். இரண்டு நாள் நம் வீட்டில்தான் சாப்பிட்டாள். கிளம்பும்போது, நகரிலேயே கட்டாமல் பள்ளமாகக் கிடக்கிற அந்த மூலை மனை யாருடையது தெரியுமா என்று கேட்டாள். ஏன் என்றேன். குழாய் செத்துப்போன பிறகு கீழத்தெருத் தண்ணீர் ஊர்ந்து ஊர்ந்து அந்த ஒரு மனை வழியாகத்தான் மதகுக்குப் போகிறது, அதனால்தான் பதினோரு நாளிலாவது வடிந்தது, அதையும் யாராவது நிரப்பிவிட்டால் அப்புறம் தண்ணீருக்கு வழியே கிடையாது என்றாள். உன் அப்பா என்னைப் பார்க்காமல், நம்முடையதுதான் என்று சொன்னார்.

அவள் இன்னொன்றும் சொன்னாள். அந்த மனையை வெட்டித் திறந்து, பழைய வளைவில் பாதியையாவது மீட்டு, வழியில் இருக்கிற நம் தூர்ந்துபோன குளத்தோடு சேர்த்துவிட்டால், தையில் தெருவுக்குள் நிற்கிற தண்ணீர் குளத்தில் நிற்கும், சித்திரையில் வற்றுகிற போர்களுக்கு அது கொஞ்சம் உயிர் கொடுக்கும் என்றாள். வெள்ளமும் காய்ச்சலும் ஒரே வருடத்தில் வருகிற காலம் இது, இரண்டுக்கும் சேர்த்து இடம் விட்டு வைக்க வேண்டும் என்பது அவள் கட்சி. அது எந்த அளவுக்குப் பலிக்கும் என்று எனக்குத் தெரியாது. மற்ற வீடுகளை யாரும் இடிக்கப் போவதில்லை. மேலே உன் பெங்களூரும், நடுவில் இருக்கிற ஊர்களும், இந்தத் தஞ்சாவூரும் வளர்ந்துகொண்டேதான் இருக்கும், மழை என் பேச்சைக் கேட்டுப் பழைய மாதத்துக்குத் திரும்பப் போவதில்லை. என் கையில் இருப்பது இந்த ஒரு மூலைதான். அதுவும் என் கையில் இல்லை, உன் கையில் இருக்கிறது.

குடியரசு தினக் கிராம சபையில் நான் எழுந்து பேசப்போகிறேன். இப்போது நான் தலைவர் இல்லை, மைக் கிடைக்காது, பாக்கியம் நின்ற இடத்தில் நின்று கத்தித்தான் பேச வேண்டும். நான் போட்ட தீர்மானம் தப்பு, அதை ரத்து செய்யுங்கள் என்று சொல்வேன். நகர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், இருக்கிற மதிப்பும் போகும், மனையை எப்படி வாங்கினேன் என்று கேட்பார்கள், அதையும் சொல்வேன். நீ கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் இதைச் சொல்வேன். ஆனால் உன் தானப் பத்திரம் இல்லாமல் சொன்னால் அது வெறும் பேச்சு, என்னிடம் பேச்சுக்கு எப்போதும் குறைவில்லை. உனக்கு வீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாம் நெல் அடித்த களத்து மேட்டில் கட்டு. மெஷின் வந்த பிறகு களம் சும்மாதான் கிடக்கிறது, எந்த வெள்ளத்திலும் அது முழுகியதில்லை. கார் போக வழியில்லை என்பாய், பைபாஸ் தூரம் என்பாய், குழந்தைக்கு உடம்பு சரியில்லாவிட்டால் எப்படித் தூக்கிக்கொண்டு ஓடுவது என்பாய். எல்லாம் நியாயம். அதற்கெல்லாம் என்னிடம் சட்டென்று பதில் இல்லை. நித்யாவிடம் நான் நேரில் வந்து பேசுகிறேன், திட்டினால் வாங்கிக்கொள்கிறேன்.

நேற்று காலை பாக்கியம் வீட்டுக்குப் போனேன். வாசலில் இன்னும் கணுக்கால் தண்ணீர். அவள் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து இரண்டு காம்பை உருவினேன். அன்றைக்கு நான் அப்படிச் சொன்னது தப்பு பாக்கியம், உன் காலுக்கு நான்தான் காரணம் என்று சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். மனையைத் திருப்பிக் கொடுக்கத் தம்பியிடம் கேட்கப்போகிறேன் என்றும் சொன்னேன். அவள் ஐயோ அப்படிச் சொல்லாதீங்க என்பாள், என் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று உள்ளுக்குள் நான் எதிர்பார்த்திருக்கிறேன் போல. அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மொதல்ல தண்ணி போவட்டும் தலைவரம்மா," என்றாள். "மத்ததெல்லாம் அப்பறம் பேசிக்கிடலாம்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

நீ எப்படியும் வருவாய் என்று தெரியும், கையெழுத்துப் போடவோ சண்டை போடவோ. காலை ரயிலில் வந்து இறங்கினால், ஆட்டோக்காரரை பைபாஸ் வழியாக விடச் சொல்லாதே. கீழத்தெரு முனையில் இறங்கிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வேட்டியோ பேண்ட்டோ கொஞ்சம் தூக்கிக்கொண்டு நடந்து வா. அவர்கள் நடப்பதற்குச் செங்கல் போட்டு வைத்திருக்கிறார்கள். பாக்கியம் வீட்டுக்கு முன்னால் இருக்கும் மூன்றாவது கல் ஆடும், பார்த்துக் கால் வை.

அம்மா